கொல்லிமலைக்கு சைக்கிளில் போறீங்களா? காரவள்ளியில் 5 நிமிடம் நில்லுங்க!

நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது காரவள்ளி. இங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். பைக்குகளுக்கு நடுவே கியர் சைக்கிளில் மூச்சு வாங்க ஏறுகிறவர்களும் உண்டு.

ஏற்றத்தில் கைகொடுப்பது பின்சக்கரத்தின் மிகப் பெரிய பல்சக்கரம். ஆபத்தும் அங்கேதான். செயினை நகர்த்தும் டீரெய்லர் அப்போது ஸ்போக்ஸ் கம்பிகளை ஒட்டி நிற்கும். சைக்கிள் எப்போதாவது வலப்பக்கமாக விழுந்திருந்தால், டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் உள்பக்கம் வளைந்திருக்கலாம். டீரெய்லர் கம்பிகளுக்குள் சிக்கினால் பின்சக்கரம் நின்றுவிடும்; ஆளும் விழலாம்.

எனவே, அடிவாரத்திலேயே பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைச் சுற்றி, ஒவ்வொரு கியராக மாற்றிப் பாருங்கள்.

* பெரிய பல்சக்கரத்துக்குச் செயின் ஏறத் தயங்குகிறதா? கேபிள் தளர்ந்திருக்கலாம். டீரெய்லருக்குள் கேபிள் நுழையும் இடத்திலுள்ள திருகை இடஞ்சுழியாக அரைச் சுற்று திருப்புங்கள்.

* அதையும் தாண்டிக் கம்பிப் பக்கம் விழுகிறதா? 'எல்' என்று குறித்த திருகை வலஞ்சுழியாகக் கொஞ்சம் இறுக்குங்கள்.

* அழுத்தி மிதிக்கும்போது செயின் நழுவுகிறதா? தேய்ந்திருக்கலாம். புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். இதை வீட்டிலேயே அளந்துவிடுவது நல்லது.

கடைசியாக, பின்னால் நின்று பாருங்கள். டீரெய்லரின் இரு குட்டிச் சக்கரங்களும் பல்சக்கரத்தோடு ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா? சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது. எந்தத் திருகும் அதைச் சரிசெய்யாது. அன்று மலை ஏற வேண்டாம். கடையில் நிமிர்த்திக்கொண்டு வாருங்கள்.

மேலே ஆகாய கங்கை அருவியும் அறப்பளீஸ்வரர் கோயிலும் அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.