மகரக்கட்டு

கோல சிலாங்கூரையடுத்த ஒரு தோட்டத்திலே, கோயில் திருவிழாவுக்காக நாம் நாடகம் நடத்த முற்பட்டகாலை, 13 வயதுப் பையனொருவனுக்கு நாரதர் வேடம் கொடுத்திருந்தோம். முந்திய ஆண்டு 5 கட்டைச் சுருதியில் மணிபோற் பாடியவன் அவன். இம்முறை ஒத்திகையில் மேல் ஷட்ஜத்தை எட்டுமுன்னரே அவன் குரல் பிளந்தது. கண்ணேறு என்று தாய் அழுதாள், தாயத்தும் கட்டினாள். நாமோ, விடாது பாடினால் தொண்டை திறந்துகொள்ளுமென நம்பி, இரவு 11 மணிவரை அவனைப் பாடுவித்தோம். திருவிழாவன்று பேச்சே எழவில்லை. சபையோர் நகைத்தனர்.

ஆங்கிலம் கற்ற கிராணியாகிய நாம் தாயத்தை எள்ளினோம். ஆயினும், அந்தத் தாயத்து அவன் தொண்டையைப் புண்ணாக்கவில்லையே! புண்ணாக்கினவர் நாமே.

அரசாங்க மருத்துவர் சொன்ன பின்னரே உண்மை விளங்கிற்று. இப்பருவத்தில் குரல்வளை பெருக்கிறது. அதனுள்ளிருக்கும் குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. ஆண்பிள்ளையின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி தாழ்கிறது. பெண்பிள்ளைகட்கும் சிறிது தாழும், எவரும் கவனிப்பதில்லை. இதனையே நாடகக்காரர் மகரக்கட்டு என்றனர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிய காலத்தில், பாலர் கம்பெனிகளின் பிழைப்பே சிறுவர் குரலில் இருந்தது. குரல் உடைந்தவன் கதி என்னாகும்? மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிற் பேர்பெற்ற பி.யு. சின்னப்பாவும் மகரக்கட்டினால் கம்பெனியை விட்டார். பின்னர் சங்கீதமும் சிலம்பமும் பயின்று, 1942இல் வெளிவந்த ‘கண்ணகி’ படத்திற் கோவலனாகப் பாடி நடித்தார். குரல் போய்விடவில்லை, இடம் மாறிற்று.

புக்கிட் ரோத்தான் முதல் பெஸ்தாரி ஜெயா வரை பிள்ளைகளை மேடையேற்றும் அன்பர்கள் சுருதியை இறக்குவார்களாக. பையனுக்குச் சுகமான கட்டை எதுவோ அதுவே அவன் கட்டை. நீர் நிரம்பப் பருகட்டும், கத்தவேண்டாம். மிளகும் கற்கண்டும் வாய்க்கு இதமே. ஆயினும் உணவு செல்லும் வழி வேறு, காற்றுச் செல்லும் வழி வேறாதலின், அவை குரல்நாணைத் தொடுவதில்லை. கரகரப்பு மூன்று வாரத்திற்கு மேல் நீடித்தால் தொண்டை மருத்துவரிடமே செல்லல் வேண்டும்.

நம் பையனுக்கு அவ்வாண்டு முழுவதும் பாட்டில்லை. திரைமறைவில் தாளம் போட்டான். இப்பொழுது ஒன்றரைக் கட்டையில் நன்றாகவே பாடுகிறான். ஒத்திகை 9 மணியைத் தாண்டினால் மட்டும், ஒன்றும் பேசாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறான். நாம் தடுப்பதில்லை.