சிறுதேருக்கும் சுங்கமா?

பெரியதொன்றைச் சிறியதாகச் செய்து கையில் வைத்துப் பார்க்கும் ஆசை மனிதனோடு கூடப் பிறந்தது. நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். ஆண் குழந்தையைப் பாடும் பிள்ளைத்தமிழில் வகுக்கப்பெற்ற பத்துப் பருவங்களுள் ஒன்று சிறுதேர்ப் பருவம். ஊர் கூடி வீதியில் இழுக்கும் தேரை, முற்றத்து மணலில் ஒரு குழந்தை தனியே இழுத்து மகிழ்கின்றது. அச்சிறு தேரைச் செய்து கொடுத்த தச்சனிடம், "பெரிய தேரின் சாயலை எடுத்தாயே, அதற்குக் கட்டணம் எங்கே?" என்று எந்தத் தர்மகர்த்தாவும் கேட்டதாக நாம் அறியோம்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த நாமும் அப்பருவத்தைக் கடந்து வந்தவர்களே. பனங்காய் வண்டில் உருட்டினோம். வெறும் மீன் ரின்னை வெட்டி மடித்து, சோடாப் போத்தல் மூடிகளைச் சில்லுகளாக்கி லொறி செய்தோம். தீப்பெட்டிகளை நூலிற் கோத்து, முதற் பெட்டியில் 'யாழ்தேவி' என்று எழுதி, திண்ணையின் ஒரு முனையைக் கொழும்பாகவும் மறுமுனையைக் காங்கேசன்துறையாகவும் கொண்டோம். இன்றும் தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குச் சென்றால், கப்பலும் விமானமும் பட்டங்களாகி வானில் ஏறுவதைக் காணலாம்.

இந்த விளையாட்டே வளர்ந்தவர்களின் கையில் நுட்பமான கலையாகின்றது. மெய்யான வண்டியை அளந்து, 43இல் ஒரு பங்கு, 76இல் ஒரு பங்கு, 87இல் ஒரு பங்கு என்று பிரமாணம் வகுத்து, ஆணியின் தலையும் எழுத்தின் வளைவும் பிசகாமற் செய்வோர் உலகெங்கும் உளர். நம் அயலிலும் ஓர் இளைஞர் இருக்கின்றார். கொடிகாமத்திற்கும் பருத்தித்துறைக்கும் இடையே மனிதரையும் மூட்டைகளையும் ஏற்றியோடிய தட்டிவானை, மெல்லிய பலகையிலும் தகரத்திலும் ஒரு சாண் நீளத்திற் செய்கின்றார். மாதத்தில் இரண்டு மூன்று முடிந்தாற் பெரிது. விடுமுறைக்கு ஊர் வரும் உறவினர்கள் வாங்கிச் செல்கின்றனர்.

அவ்வாறு வந்த பெரியவர் ஒருவர், வண்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபின் கேட்டார்: "தம்பி, முன்னுக்கு லொறிக் கொம்பனியின்ரை பேரைப் போட்டிருக்கிறீர். நாளைக்கு அவங்கள் காசு கேட்டால் என்ன செய்வீர்?"

இளைஞர் சொன்னார்: "அந்தப் பேர் இல்லாட்டில் இது தட்டிவான் இல்லை ஐயா, வெறும் பெட்டி."

இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு. பெரியவரின் கேள்வியை வேடிக்கையென்று தள்ளிவிட இயலாது. அயல்நாடுகளில் அது நீதிமன்றம் வரை சென்ற கேள்வி.

அமெரிக்காவிலே 1862ஆம் ஆண்டு தோன்றிய யூனியன் பசிபிக் என்ற புகையிரதக் கொம்பனி இன்றும் அந்நாட்டின் மிகப் பெரிய கொம்பனிகளுள் ஒன்று. அதன் மஞ்சள் நிற எஞ்சின்களையும் கேடயச் சின்னத்தையும் சிறு உருவிற் செய்து விற்போர் பல பத்தாண்டுகளாக இருந்து வந்தனர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், அச்சின்னங்களைப் பொறிப்போர் அனுமதி பெற்று, விற்பனையில் ஒரு பங்கைக் கட்டணமாகச் செலுத்த வேண்டுமெனக் கொம்பனி கேட்கலாயிற்று. 2004இல் லயனல், ஆதர்ன் என்னும் இரு மாதிரி வண்டி உற்பத்தியாளர் மீது வழக்கும் தொடுத்தது. தன் சொந்தப் பெயருக்கு மட்டுமன்று. மிசூரி பசிபிக், வெஸ்ரேர்ண் பசிபிக், சதேர்ண் பசிபிக் முதலாகத் தான் வாங்கித் தன்னுள் அடக்கிக்கொண்ட பழைய பாதைகளின் பெயர்களுக்கும் உரிமை கோரியது. தண்டவாளத்திலிருந்து மறைந்துவிட்ட ஒரு பெயரை மேசைமீது ஓடும் வண்டியில் எழுதுவதற்கும் கட்டணம்! பொழுதுபோக்காளர் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை. எம்.ரி.எச். என்ற நிறுவனம் பணிய மறுத்து எதிர்த்து நின்றது. முடிவில் 2006இல் இணக்கம் பிறந்தது. சின்னம் கொம்பனியுடையதே, அதனை மாதிரி வண்டிகளிற் பொறிக்க அனுமதி உண்டு, அதற்குக் கட்டணம் இல்லை.

கொம்பனியின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்ததை நாம் மறுப்பதற்கில்லை. வியாபாரக் குறி என்பது, 'இப்பண்டத்தைச் செய்தவர் இன்னார்' என்று வாங்குவோருக்குக் கொடுக்கும் வாக்கு. கண்டவர் எல்லாம் அதனைக் கையாள விட்டால் அவ்வாக்கு பொய்த்துவிடும். போலித் தேயிலையின் பெட்டியில் நல்ல தேயிலையின் பெயர் இருந்தால் ஏமாறுபவர் நாமே. இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் வியாபாரக் குறிகளைக் காக்கின்றது. ஒரு குறியின் பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கலாம். புதுப்புனைவுக்கு அளிக்கும் காப்புரிமை 20 ஆண்டுகளில் முடிந்துவிடும். வியாபாரக் குறியோ, காப்பவர் இருக்கும்வரை முடிவின்றித் தொடரலாம். உருவாக்கிய கொம்பனி மறைந்தாலும் அதன் பெயர் வாங்கியவர் கையில் வாழும். நம் தெருக்களில் இன்னும் காணக்கூடிய மொறிஸ் மைனரின் 'மொறிஸ்' என்ற பெயர், இன்று சீனத்துச் சாங்காய் நகரின் மோட்டார் நிறுவனமொன்றின் உடைமை என்பதை அறிந்தோர் எத்தனை பேர்?

ஆயின், ஒரு சாண் வண்டியை வாங்குபவர் அதனை லொறிக் கொம்பனியே செய்ததென்று எண்ணி ஏமாறுகின்றாரா? இக்கேள்விக்கு ஜெர்மனியில் விடை கிடைத்தது. ஒப்பல் என்ற மோட்டார் நிறுவனம், தன் மின்னற் சின்னத்தைத் தாங்கிய ஒரு விளையாட்டு மோட்டாருக்காக, அதனைச் செய்த ஓட்டெக் என்ற நியூரம்பேர்க் நிறுவனத்தின் மீது வழக்காடியது. அவ்விளையாட்டு மோட்டார் மெய்யான வண்டியில் 24இல் ஒரு பங்கு. ஒப்பல் தன் சின்னத்தை விளையாட்டுப் பொருள்களுக்கும் பதிந்து வைத்திருந்தது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. 2007இல் அது தீர்ப்பிற்கான வழியை வகுத்துக் கொடுத்தது. 2010இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் ஒப்பலின் கோரிக்கையை ஏற்க மறுத்தது. விளையாட்டு மோட்டாரில் உள்ள சின்னம், மெய்யான வண்டியில் அது இருப்பதாலேயே இருக்கின்றது. வாங்குவோர் அதனை உருவத்தின் ஓர் அங்கமாகக் காண்கின்றனரேயன்றி, செய்தவரின் முத்திரையாகக் காண்பதில்லை என்பதே தீர்ப்பின் சாரம். நம் அயல் இளைஞர் சொன்ன விடையும் ஏறக்குறைய இதுவே. எனினும் இது ஒரு நாட்டின் தீர்ப்பு. எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்துவதன்று.

"நூற்றுக்கு ஐந்து பத்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?" என்று சிலர் கேட்கலாம். நூற்றுவீதம் பெரிதும் வருத்துவதில்லை. விண்ணப்பம், ஒப்பந்தம், சட்டத்தரணி, பார்வைக்கு அனுப்பும் மாதிரிகள், இவ்வளவேனும் ஆண்டுதோறும் தரவேண்டும் என்ற குறைந்தபட்சத் தொகை ஆகியவையே வருத்துகின்றன. விற்பனை சிறுத்தாலும் இவை சிறுப்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவற்றுக்கெல்லாம் ஓர் இலட்சம் ரூபா ஆகுமென்று கொள்வோம். 10,000 வண்டிகள் செய்யும் தொழிற்சாலைக்கு அது வண்டிக்கு 10 ரூபா. 50 வண்டிகள் செய்யும் கைவினைஞருக்கோ வண்டிக்கு 2,000 ரூபா. ஆகவே கட்டணத்தாற் புகழ் பெற்ற எஞ்சின் மறைவதில்லை. அதனைப் பெரிய தொழிற்சாலை எப்படியும் செய்யும். மறைவது, 50 பேர் மட்டுமே விரும்பும் சிற்றூர் வண்டி.

நம் நாட்டு வண்டிகள் எல்லாம் அந்த 50 பேருக்கானவை. இலங்கையின் அகலப் பாதை 5 அடி 6 அங்குலம், அதாவது 1,676 மில்லிமீற்றர். அதனை 76இல் ஒரு பங்காக்கினால் 22 மில்லிமீற்றர் வரும். கடைகளில் அப்பிரமாணத்திற்கென விற்கும் தண்டவாளமோ பெரும்பாலும் 16.5 மில்லிமீற்றர் அகலமே. ஆகவே நம் புகையிரதத்தைச் சரியாகச் செய்ய விரும்புபவர் தண்டவாளத்தையும் தம் கையாலேயே செய்தாக வேண்டும். இதற்கு மேல் அனுமதிக்கும் அலைவதென்றால், கொழும்புத் திட்டத்தின்கீழ் 1950களிற் கனடா வழங்கிய, 'அல்பேட்டா', 'ஒன்ராறியோ' என்று மாகாணப் பெயர்கள் தாங்கிய எஞ்சின்களை எடுத்துக்கொள்வோம். அவை ஜெனரல் மோட்டோர்ஸ் வடிவமைத்தவை. அந்நிறுவனம் எஞ்சின் பிரிவை 2005இல் விற்றது. 2010இல் அது கட்டர்பில்லர் குழுமத்திடம் போய்ச் சேர்ந்தது. தீப்பெட்டி அளவு எஞ்சினுக்கு எத்தனை வாசல்களைத் தட்டுவது?

இதனை வெறும் பொழுதுபோக்குக்காரரின் முறைப்பாடு என்று எண்ணிவிடலாகாது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990இல் நம் மண்ணில் நின்றது. தண்டவாளம் பெயர்ந்தது, சிலிப்பர்க் கட்டைகள் பதுங்கு குழிகளாயின. 2014இல் வண்டி மீண்டும் யாழ்ப்பாணம் வரும்வரை 24 ஆண்டுகள், ஒரு தலைமுறைப் பிள்ளைகள் புகையிரதத்தைக் காணாமலே வளர்ந்தனர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கி, தம் மனைவியின் பெயரைச் சூட்ட, அது 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அத்தகைய கப்பலை இன்று கண்ணாற் காண இயலாது. இழந்தவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்ட நமக்கு எஞ்சியிருப்பவை சில படங்களும், நினைவுடையோர் கையாற் செய்யும் உருவங்களுமே. அவற்றின்மீது சுங்கம் விதித்தால், விதிப்பவருக்கு வரும் வருவாய் அற்பம். நமக்கு வரும் இழப்போ பெரிது.

பெரிய நிறுவனங்களிலும் இதனை உணர்ந்தவர் இருந்தனர். நம் வயல்களுக்குப் பழக்கமான பெயர் பெர்குசன். 1940களின் இறுதியில் அவ்வுழவு இயந்திரத்தின் சிறு உருவைச் செய்து தருமாறு, அதன் விற்பனையாளர்களின் பயன்பாட்டுக்காக எயார்பிக்ஸ் என்ற ஆங்கில நிறுவனத்தைக் கேட்டவர் பெர்குசன் தரப்பினரே. சிறிய உருவம் பெரியதன் புகழைக் குறைப்பதில்லை, பரப்புகின்றது என்பதை அவர்கள் கண்டனர். பின்னர் அது பூட்டிச் செய்யும் பகுதிகளாகக் கடைக்கும் வந்தது. பூட்டு உருவங்களுக்குப் பேர்போன அந்நிறுவனத்தின் தொடக்கங்களுள் அதுவும் ஒன்று.

ஆகவே நாம் வேண்டுவது இதுவே. பெயருக்குரியோர் பெயரைக் காக்கட்டும். ஆனால் கைவினைஞர் அளவாகச் செய்யும் உருவங்களுக்குக் கட்டணமின்றி அனுமதி வழங்கட்டும். 2006இன் இணக்கம் இரண்டும் ஒருங்கே இயலும் என்பதைக் காட்டிவிட்டது. நம் புகையிரதத் திணைக்களமும் பழைய வரைபடங்களையும் நிற விவரங்களையும் மாணவர் பார்வைக்கு வைத்தால் அது பெருங்கொடையாகும். செய்வோரும் தம் பங்கிற்கு, அடிப்பகுதியில் 'இது மாதிரி உருவம்' என்று எழுதித் தம் பெயரையும் பொறிப்பது நேர்மை.

மாணவர்களுக்கு ஒரு சொல். உங்கள் ஊரிற் பழைய தட்டிவானோ, மொறிஸ் மைனரோ, வள்ளமோ இருந்தால், உடையவரிடம் கேட்டு, அளவு நாடாவும் கொப்பியும் கொண்டு சென்று, நீளம், அகலம், சில்லின் விட்டம், எழுத்தின் நிறம் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். அளப்பதற்கு எவரும் கட்டணம் கேட்பதில்லை. துருவும் கறையானும் நம் வழக்குகள் முடியும்வரை காத்திருப்பதில்லை.