அமாவாசையில் மறைந்த கதை

இரத்தக்காட்டேரிக் கதைகளுக்கு அச்சம் மட்டுமே அடிப்படையன்று. இறவாமைக்கு மனிதன் கொடுக்கவேண்டிய விலை யாது என்ற வினாவே அவற்றுக்கு உயிரளிப்பது. 1897இல் வெளிவந்த பிராம் ஸ்ரோக்கரின் ‘டிராகுலா’ இன்றும் வாசிக்கப்படுவதற்கு இவ்வினாவும் ஒரு காரணம் எனலாம். ‘ருவைலைற்’ (2005) நாவல் மூலம் இம்மரபினுட் புகுந்த அமெரிக்க எழுத்தாளர் ஸ்ரெபனி மேயர், அதன் தொடர்ச்சியாக 2006இல் ‘நியூ மூன்’ நாவலை வெளியிட்டார். முன்னையது எழுப்பிய எதிர்பார்ப்பைப் பின்னையது நிறைவுசெய்யவில்லை.

தொடக்கம் சிறப்பாகவே அமைகின்றது. 18ஆவது பிறந்தநாளன்று நாயகி பெல்லா கனவில் தன் பாட்டியைக் காண்கிறாள். அது கண்ணாடியில் தெரியும் தனது முதிய உருவமே என்பதைப் பின்னர் உணர்கிறாள். காதலன் எட்வேட்டோ இரத்தக்காட்டேரி. என்றும் 17 வயதினன். அன்று மாலை பரிசுப் பொதியின் தாள் அவள் விரலைக் கீறுகின்றது. இரத்தத்தைக் கண்டதும் எட்வேட்டின் சகோதரனாக வாழும் ஜஸ்பர் அவள்மீது பாய்கிறான். அன்புக்கும் இயல்புக்கும் இடையிலான இம்முரண்பாடு ஒரு பெருநாவலுக்குரிய வித்தாகும்.

ஆயின் அவ்வித்து வளர்க்கப்படவில்லை. எட்வேட் அவளைப் பிரிந்து செல்கிறான்; கதையும் அவனுடன் சென்றுவிடுகின்றது. மாதங்களின் பெயர்களை மட்டும் தாங்கிய வெற்றுப் பக்கங்களால் அவளது வெறுமையை உணர்த்தியமை நல்ல உத்தியே. ஆனால், பின்வரும் அத்தியாயங்கள் பல அப்பக்கங்கள் கூறியதையே மீண்டும் கூறுகின்றன. ஆபத்தின்போது எட்வேட்டின் குரல் கேட்பதாக உணரும் பெல்லா, அக்குரலுக்காகவே மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறாள். பாறை முகட்டிலிருந்து கடலிற் குதிக்கிறாள். அவளைப் பழிவாங்க அலையும் விக்ரோறியா பெரும்பாலும் திரைமறைவிலேயே நிற்கிறாள். நூல் முடிந்த பின்னரும் அப்பகை தீரவில்லை.

உச்சக்கட்டமான இத்தாலியப் பயணமோ, பெல்லா இறந்துவிட்டாள் என்ற தவறான செய்தியால் நேர்வது. ‘றோமியோவும் யூலியற்றும்’ நாடகத்தை நாவலே இவ்விடத்தில் நினைவூட்டுகின்றது. சேக்ஸ்பியரிடத்திலோ இரு குடும்பங்களின் பகையே காதலரைப் படிப்படியாக அவ்விடருக்குத் தள்ளுகின்றது. இங்கு அத்தகைய காரண காரியத் தொடர்பு வலுப்பெறவில்லை.

காதல் இடம்பெற்றமை குறையன்று. ‘டிராகுலா’விலும் காதல் உண்டு. மினா இரத்தக்காட்டேரியாக மாற நேரின் அவளைத் தனியே செல்லவிடுவதில்லை எனக் கணவன் ஜொனதன் துணிகிறான். பகைவனுடன் அவளுக்கு ஏற்பட்ட இரத்தத் தொடர்பே அவனைத் துரத்துவோருக்கு வழிகாட்டுகின்றது. அங்கே காதல் நிகழ்ச்சிகளுக்குள் இறங்கிச் சோதனைக்குள்ளாகின்றது. இங்கே நிகழ்ச்சிகள் காதலுக்காகக் காத்து நிற்கின்றன.

இறவாமை ஆன்மாவை இழக்கச்செய்யும் என எட்வேட் அஞ்சுகிறான். பெல்லாவோ தந்தையையும் நண்பன் ஜேக்கப்பையும் மனித வாழ்வையும் இழக்க வேண்டியவள். நாவல் முழுவதையும் தாங்கக்கூடிய இப்பிரச்சினை, இறுதியில் எட்வேட் குடும்பத்தாரின் வாக்கெடுப்பாகவும் திருமண நிபந்தனையாகவும் சுருங்குகின்றது. கதையைக் குறைத்துக் காதலைப் பெருக்க முனைந்த ஆசிரியர், அக்காதலின் ஆழத்தை அளப்பதற்கான வழியையே இழந்துவிட்டார். எதனைத் துறக்க நேர்ந்தது என்பதைக் காணாத வாசகன், காதலர் ஒருவரையொருவர் எத்துணை நேசித்தனர் என்பதை எவ்வாறு அறிவான்?