பொதிகைச் சாரலில் ஒரு பூச்சி

திருவனந்தபுரத்தில் பத்மநாபரைச் சேவித்துவிட்டு, நேரே கன்னியாகுமரிக்குப் பஸ் ஏறிவிடுவது நம்மவர் வழக்கம். ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் நெடுமங்காடு, விதுரா வழியாகக் கிழக்கே போய்ப் பாருங்கள். ரப்பர் தோட்டங்களும் மரவள்ளிக் கொல்லைகளும் பின்தங்கிவிடும். சாலை வளைந்து வளைந்து ஏறிப் போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து காட்டுக்குள் நடந்தால், மேகத்தை முக்காடாகப் போட்டுக்கொண்டு நிற்கிறதே, அதுதான் அகஸ்தியகூடம். உயரம் 1868 மீட்டர். நம்முடைய பொதிகைமலைச் சிகரம்.

முனிவர் பிரம்மசாரி என்று சொல்லிப் பெண்களை நெடுங்காலம் உச்சிக்கு விடாமல் வைத்திருந்தார்கள். லோபாமுத்திரையை யாருக்கும் நினைவில்லை போலும்! 2018-ல் கேரள உயர்நீதிமன்றம் தடையை நீக்கிற்று; 2019 ஜனவரியில் பெண்களும் ஏறினார்கள். ஆகவே, சகோதரிகளே, இந்தப் பிரயாணக் குறிப்பு உங்களுக்கும்தான்.

மலையடிவாரக் காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும் வீடுகள் காணிக்காரர்களுடையவை. நம் பக்கத்துப் பாபநாசம் மலையிலும் இவர்கள் இருக்கிறார்கள். ஊருக்குத் தலைவர் மூட்டுக்காணி. வைத்தியமும் மந்திரமும் பார்ப்பவர் பிலாத்தி. பச்சிலை ஞானத்தில் இவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. 1987-ல் காட்டுக்குள் வந்த விஞ்ஞானிகள் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது, கூட வந்த காணிகள் மட்டும் ஏதோ சின்னக் காய்களைக் கொறித்தபடி களைப்பில்லாமல் நடந்தார்களாம். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பிற்பாடு அதிலிருந்து ஒரு மருந்தே தயாரானது.

இத்தனை மூலிகை அறிந்தவர்கள் வீட்டில்தான் ஒரு புண் குடியிருக்கிறது.

முதலில் கையிலோ முகத்திலோ கொசு கடித்தாற்போல் ஒரு சிறு தடிப்பு. வாரங்கள் போகப் போக அது பருத்துக் கட்டியாகிறது. சிலருக்கு நடுவில் குழிந்து புண்ணாகிறது. பெரும்பாலும் வலியில்லை. அதுதான் ஆபத்து. வலிக்காத புண்ணுக்காக ஒரு நாள் கூலியை விட்டுப் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போக யாருக்கு மனம் வரும்? இக்காணிகளிடையே இந்த நோய் இருப்பதை 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வு எடுத்துக் காட்டியது. கிருமி எது என்பதை 2015-ல் வெளியான இன்னொரு ஆய்வு சொன்னபோது, டாக்டர்களே புருவத்தை உயர்த்தியிருக்க வேண்டும். அதன் பெயர் 'லீஷ்மேனியா டோனவானி'.

இந்தப் பெயரில் பாதி சென்னைக்குச் சொந்தம். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1903-ல் டாக்டர் சார்லஸ் டோனவன், காய்ச்சல் நோயாளிகளின் மண்ணீரலில் அந்த நுண்ணுயிரைக் கண்டார். அதற்குச் சற்று முன்னதாக, டம் டம்மிலிருந்து வந்த ஒரு சிப்பாயின் உடலில் லீஷ்மன் அதையே கண்டிருந்தார். மலேரியா புகழ் ரொனால்டு ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து வைத்துவிட்டார். பீகாரில் மண்ணீரலை வீங்க வைத்து, கவனிக்காவிட்டால் ஆளையே கொண்டுபோகும் 'காலா அசார்' காய்ச்சல் இதே கிருமியின் வேலைதான். இங்கே பொதிகைச் சாரலிலும், கடல் தாண்டி இலங்கையிலும், பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. ஒரே பிள்ளை பிறந்த வீட்டில் ஒருவிதம், புகுந்த வீட்டில் ஒருவிதம் என்கிறோமே, அந்த மாதிரி!

கிருமியைச் சுமந்து வருவது மணல் ஈ. பெயர்தான் ஈ, உருவத்தில் கொசுவுக்கும் சின்னது, இரண்டு மூன்று மில்லிமீட்டர். உடம்பெல்லாம் ரோமம், உட்காரும்போது இறக்கைகளைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ரீங்காரம் கிடையாது. வெகுதூரம் பறக்கவும் தெரியாது, தத்தித் தத்திப் போகும். கடிப்பது பெண் மட்டுமே, அதுவும் முட்டைக்கு வேண்டிய ரத்தத்துக்காக. மற்றபடி ஆணும் பெண்ணும் செடியின் இனிப்புச் சாற்றில் காலம் தள்ளுகின்றன. தண்ணீரில் முட்டையிடாது. ஈர மண், மட்கிய சருகு, சுவர் வெடிப்பு, மாட்டுக்கொட்டில் ஓரம் இவைதாம் அதன் பிரசவ அறைகள். தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது.

கடிப்பதால்தான் நோய் வருகிறது என்று நிரூபிக்க எத்தனை பாடு! 1924-லேயே இந்தப் பூச்சியின் வயிற்றில் கிருமி வளர்வதைக் கல்கத்தாவில் பார்த்துவிட்டார்கள். ஆனால் மனிதனுக்கு ஏற்றிக் காட்ட முடியவில்லை. கடைசியில் வழிகாட்டியது உலர்ந்த திராட்சை. ரத்தம் குடித்த ஈக்களுக்கு அடுத்தபடி திராட்சைச் சாற்றைக் கொடுத்தால், கிருமிகள் பெருகித் தொண்டையையே அடைத்துவிடுகின்றன என்று 1940-ல் தெரிந்தது. தொண்டை அடைத்த ஈ கடிக்கும்போது கிருமிகளைக் கக்குகிறது. 1942-ல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் என்ற மூவர், அஸ்ஸாமில் தாமாக முன்வந்த ஐந்து பேரைக் கடிக்க விட்டு, நோய் பரவுவதை நிலைநாட்டினார்கள். பாயசத்துக்குத் திராட்சை வறுக்கும்போது அந்த ஐவரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

காட்டுப் பக்கம் தங்கப் போகிறீர்களா? மாலை மயங்கியதும் முழுக்கை உடுத்துங்கள். சாதாரணக் கொசுவலைக் கண்ணுக்குள் இது நுழைந்துவிடும், ஆகவே நெருக்கமாக நெய்த வலை வேண்டும். மருந்து தோய்த்த வலையானால் இன்னும் நல்லது.

நாம் இரண்டு நாளில் திரும்பிவிடுவோம். அங்கேயே இருப்பவர்கள் பாடு வேறு. முகத்தில் ஆறாத தடிப்போடு ஓர் இளம்பெண் வந்தால், பார்ப்பவர்கள் குஷ்டம் என்று நினைத்து ஒதுங்க இடமிருக்கிறது. டாக்டர்களே சில சமயம் அப்படி மயங்குவதுண்டு. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் அந்த ஒரு சொல் என்ன செய்யும் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சந்தேகம் தீரப் பெரிய இயந்திரம் ஒன்றும் வேண்டாம். புண்ணின் விளிம்பைச் சற்றுச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கிருமி பல சமயம் கண்ணில் பட்டுவிடும். பட்டால் மருந்து இருக்கிறது. புண் ஆறிவிடும், நாள்பட விட்டால் தழும்பு நிரந்தரமாக நின்றுவிடலாம்.