ஹரோவில் மூன்று வாழைகள்

லண்டனுக்குப் போய் வருபவர்கள் அரண்மனையையும் ஆற்றுப் பாலங்களையும் பற்றி எழுதுவார்கள். நான் அங்கே நின்ற எட்டுக் கிழமையில் அதிகம் பார்த்தது ஹரோவில் உள்ள என் தங்கச்சி வீட்டின் பின்வளவைத்தான். ஆகவே சகோதரிகளே, இந்தக் கட்டுரையில் அரண்மனை இல்லை. மூன்று வாழைகள் இருக்கின்றன.

2023 ஏப்ரல் கடைசியில் போய் இறங்கினேன். அங்கே அதை வசந்த காலம் என்கிறார்கள். மரங்களில் பூ இருந்தது உண்மை. ஆனால் காலையில் கதவைத் திறந்தால் 6 பாகை, 7 பாகைக் குளிர். தேத்தண்ணி குடித்து முடிய முன்னரே தங்கச்சி என்னைக் குசினி யன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அக்கா, நீங்கள் வந்தால் இதுகளைத் தப்ப வைப்பியள் எண்டுதான் எறியாமல் வைச்சிருக்கிறன்."

இரண்டு சாடிகளில் முழங்கால் உயரமான இரண்டு வாழைக் கன்றுகள். கவண்டிஷ் இனத்தில் குள்ள வகை. இலைகள் மஞ்சளித்து, ஓரம் கருகி, குருத்து விரியாமல் அப்படியே நின்றது. வெளியே நிலத்தில் நட்டிருந்த மூன்றாவது, குளிர் தாங்கும் ஜப்பான் வாழை. ஜப்பான் என்பது பெயரில் மட்டும்தான், அதன் சொந்த இடம் தென் சீனா. அது கறுத்த பழந்துணி போலத் தொங்கிக்கொண்டிருந்தது. 2022 டிசம்பரில் லண்டனில் பனி கொட்டியபோது மூடாமல் விட்டுவிட்டாளாம்.

இந்த வாழைகளுக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் அம்மா 2021 ஆவணியில், கொரோனாக் காலத்தில் காலமானார். தங்கச்சியால் வர முடியவில்லை. செத்தவீட்டைத் தொலைபேசியில்தான் பார்த்தாள். அடுத்த வசந்தத்தில் மூன்று கன்று வாங்கினாள். திவசத்துக்குக் கடை இலை வேண்டாம், தன் வளவு இலையில் அம்மாவுக்குப் படைக்க வேண்டும் என்பது அவளின் எண்ணம். "எனக்கு விருப்பமானது ஒண்டும் இந்த மண்ணிலை நிக்காது அக்கா" என்று அன்றைக்கு அவள் சொன்னது வாழையை மட்டும் பற்றி அல்ல என்று எனக்கு விளங்கியது.

நான் நீர்வேலிக்காரி. வாழைத் தோட்டத்துக்குள் வளர்ந்தவள். வாழைக்குத் தண்ணீரும் எருவும் காட்ட வேண்டும் என்பது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விசயமா? இரண்டு சாடிக்கும் தாராளமாகத் தண்ணீர் விட்டேன். கடையில் வாங்கிய பசளையையும் போட்டேன். பத்து நாளில் ஒரு கன்று சரிந்தது. பிடித்துத் தூக்கினால் தண்டு கையோடு வந்தது. கிழங்கு மண்ணிறமாகக் களிபோல அழுகி, மணத்தது. தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. சாடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அவள் ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

பக்கத்து வீட்டில் எழுபது வயது தாண்டிய ஒரு ஜமேக்கா அம்மா இருந்தார். பலகை வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பவர். அவரும் வாழை விளையும் தீவிலிருந்து வந்தவர்தான். அவர்களும் எங்களைப் போலக் காயை அவித்து உண்பார்கள் என்று அறிந்தபோது எனக்குப் பெரிய சந்தோசம். என் பெறாமகள் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். அவர் முதலில் கேட்டது, "மண்ணைத் தொட்டுப் பார்த்தாயா?" என்பதுதான்.

தொட்டுப் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் ஒரு சின்ன வெப்பமானி வாங்கி மற்றச் சாடிக்குள் குத்தினோம். காலையில் 11 பாகை. யாழ்ப்பாணத்தில் மார்கழி வாடையில் போர்த்துக்கொண்டு படுக்கும் இரவிலும் அவ்வளவு குளிர் கிடையாது. வாழைக்கு 27 பாகை அளவில்தான் நல்ல வளர்ச்சி. 14 பாகைக்குக் கீழே போனால் அது வளர்வதை நிறுத்திவிடும். வளராத வேர் தண்ணீரை இழுக்காது. இழுக்காத தண்ணீர் சாடிக்குள் தேங்கும். தேங்கினால் வேரும் கிழங்கும் அழுகும். இலை மஞ்சளிப்பதைப் பார்த்து, தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். நான் செய்தது அதுதான். பசளையும் அப்படியே, தின்ன முடியாத வேரில் உப்பாகக் கிடந்து எரிக்கும்.

மிஞ்சிய சாடியைக் கவிழ்த்துக் கன்றை வெளியே எடுத்தோம். கிழங்கை விரலால் அமத்தினேன். கல்லுப்போல இருந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது நாங்கள் வெட்டாத குலைகளை அப்படியே விட்டுவிட்டுத்தான் தென்மராட்சிக்கு நடந்தோம். 1996இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. தோட்டம் பற்றையாகிக் கிடந்தது. வாழைகள் விழுந்து சருகாகிவிட்டன. நான் அழத் தொடங்க, அம்மா சருகை விலக்கிக் குதிக்காலால் அடிக்கட்டையை அமத்திப் பார்த்தார். "கிழங்கு கிடக்குது பிள்ளை" என்றார். இறைப்புக்கு மோட்டரும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. வாளியால் அள்ளித்தான் அதுகளை எழுப்பினோம். அதே வாழைகள்தான் பிறகு எங்கள் இரண்டு பேரையும் படிப்பித்தன.

ஹரோவில் அழுகிய மண்ணிற வேர்களைக் கத்தரித்தோம். வெள்ளை வேர்களைத் தொடவில்லை. வெட்டிய இடம் காய அரை நாள் விட்டு, முன்னதைவிடச் சிறிய சாடியில், பேர்லைட் என்ற இலேசான வெள்ளைக் கல் கலந்த மண்ணில் வைத்தோம். பெரிய சாடியில் ஈரம் கூட நாள் நிற்கும். விதை முளைக்க வைக்கும் மின்சார விரிப்பு ஒன்றை அடியில் போட்டோம். மின்கட்டணம் ஏறிப்போய் இருந்த காலம், தங்கச்சி பயந்தாள். அது 20 வாற் அளவுதான் எடுக்கும் என்று பெறாமகள் கணக்குக் காட்டினாள். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு மட்டும், கை பொறுக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஒரு கோப்பை. பசளை இல்லை. முற்றாகக் காய்ந்த இலையை வெட்டினோம். பாதி பச்சையாக இருந்ததை விட்டோம். இலையின் கீழே மெல்லிய வலை பின்னிக் கிடந்தது. வீட்டுச் சூடாக்கியின் வரண்ட காற்றுக்கு வரும் சிவப்புச் சிலந்திப் பூச்சி. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்தே அதை ஒழித்தோம்.

வெளியே நின்றதை மே 6ஆம் திகதி வெட்டினேன். அன்று சார்ள்ஸ் மன்னருக்கு முடிசூட்டு விழா. வீடு வீடாகத் தொலைக்காட்சி ஓடியது. மழை விடாமல் தூறியது. நான் குடை பிடித்த பெறாமகளோடு பின்வளவில், கறிக்கத்தியால் தண்டைச் சாண் சாணாக மேலிருந்து அரிந்துகொண்டு வந்தேன். கறுப்பு, பிறகு மண்ணிறம், பிறகு சளி. நிலத்துக்கு ஒரு அடி மிஞ்சியபோதுதான் வெங்காயத்தை வெட்டியது போல வெள்ளை வளையங்கள் தெரிந்தன. சுற்றி வைக்கோல் அடைந்து, இரவில் வாளி கவிழ்த்து மூடினோம்.

எங்கள் ஊரில் காலையில் வாழையை வெட்டினால் பின்னேரம் நடுக்குருத்து ஒரு விரல் எழுந்து நிற்கும். இங்கே மூன்று நாள் ஒன்றும் இல்லை. எட்டாம் நாள் நகத்தளவு எழுந்தது. வாளியைத் தூக்கிப் பார்த்த தங்கச்சி வேலைக்குப் போகாமல் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

காத்திருந்த நாட்களில் ஒருநாள் கியூ தாவரவியற் பூங்காவுக்குப் போனோம். 1848இல் கட்டி முடித்த பனை வீடு என்ற கண்ணாடி மாளிகை அங்கே இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் தங்கச்சியின் கண்ணாடி புகார் படிந்து மறைத்தது. அவ்வளவு வெக்கையும் ஈரமும். வாழைகள் கூரையை எட்டிப் பார்த்தன. அவள் அதற்குக் கீழே நின்று மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். "நீர்வேலி மணக்குது" என்றாள். அங்கேதான் பெறாமகள் கவண்டிஷின் கதையைச் சொன்னாள். டெர்பிஷயரில் சாட்ஸ்வர்த் மாளிகையின் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் சூடேற்றிய கண்ணாடி வீட்டில் வைத்து வளர்த்த வாழை 1835இல் பூத்ததாம். மாளிகைப் பிரபுவின் குடும்பப் பெயர்தான் கவண்டிஷ். இன்று உலகமெங்கும் கப்பலில் போகும் பழத்துக்கு இந்தக் குளிர் நாட்டில் வைத்த பெயர் அது. அத்தனை சூடு காட்டியபடியால் பிழைத்தது. எங்களிடம் இருந்தது ஒரு விரிப்பு.

நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் இருக்கும் சகோதரிகளுக்கும் இது உதவும். வன்னியில் மார்கழி மழையில் இழைய வளர்ப்புக் கன்று நட்டு, அது மஞ்சளித்தால் உடனே பசளைக்கு ஓடாதீர்கள். முதலில் வடிகால் வெட்டுங்கள், பிறகு கிழங்கை அமத்திப் பாருங்கள். வெயில் வந்து புதுக்குருத்து விரிந்த பிறகு பசளை போடலாம்.

ஜூனில் வெயில் வந்தது, அதுவும் அந்த நாடு அதுவரை பதிவு செய்த ஜூன்களில் மிகச் சூடான ஜூன். சாடியை அவசரப்பட்டு ஒரே நாளில் வெளியே வைத்தோம். கண்ணாடிக்குள் வளர்ந்த இலை வெளிறிப் பொசுங்கிவிட்டது. பிறகு நிழலில் ஒரு மணித்தியாலம், மறுநாள் இரண்டு என்று பத்து நாளில் பழக்கினோம். நான் விமானம் ஏறும்போது சாடி வாழையில் மூன்று இலை, நிலத்து வாழையில் நாலு இலை. செத்துப்போன கன்றின் சாடி இன்னும் கவிழ்ந்தபடியே இருந்தது.

ஆவணியில் திவசத்தன்று படம் அனுப்பினாள். இலை அகலம் போதாது, காற்றும் கிழித்திருந்தது. இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் படைத்திருந்தாள். முதல்நாள் வெம்பிளிக் கடையில் ஒரு கட்டு இலையும் வாங்கி வைத்தவளாம். அதில் வந்தவர்கள் சாப்பிட்டார்கள். ஜமேக்கா அம்மாவுக்கும் வாழைக்காய்க் கறியோடு ஒரு சாப்பாடு வேலிக்கு மேலால் போயிருக்கிறது.