ரூமுக்கு நாலு பேர்

பட்டாசு ஆலை என்றால் பெரிய கட்டடம் ஒன்றைக் கற்பனை செய்கிறவர்கள் அதிகம். சிவகாசிப் பக்கம் வந்து பார்த்தால், கரிசல் காட்டில் தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகள்தான் தெரியும். மருந்து செலுத்தும் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பின் மின்னேற்றத்தை மண்ணுக்கு அனுப்பிவிட்டு உள்ளே போக வேண்டும். கலந்த மருந்தை ராத்தங்க விடக் கூடாது. பொறியே விழாது என்று யாரும் உறுதி தர முடியாது. விழுந்தால் சேதம் அந்த அறையோடு நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

முகம் தெரியாதவர்கள் கூடி எழுதும் இடத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும் என்பது என் அனுபவம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் தமிழ்நாட்டுக்காரர்களும் ஈழத்தவர்களும் புலம்பெயர்ந்தவர்களும் சம்பளமில்லாமல் எழுதுகிறார்கள். கிரந்த எழுத்து வேண்டுமா, ஜெர்மனியா செருமனியா என்று அங்கே நடந்த சண்டைகளுக்குக் கணக்கில்லை.

எங்கள் வட்டாரம் பற்றிய ஒரு பத்தியில், 'இங்கே குழந்தைகள் பட்டாசு ஆலைகளில் வேலை செய்கிறார்கள்' என்று ஒருவர் எழுதினார். ஊர்க்காரர் ஒருவர் அதை அழித்தார். அவர் திரும்பப் போட, இவர் திரும்ப அழித்தார். மூன்றாம் நாள் ஒருவர் 'முதலாளிகளின் கைக்கூலி', மற்றவர் 'ஊரைக் கேவலப்படுத்த வந்தவர்'. கட்டுரையில் ஒரு வரிகூட எழுதாத ஏழெட்டுப் பேர் அதற்குள் உரையாடல் பக்கத்தில் கூடிவிட்டார்கள்.

கூட்டம் கூடினால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி விபத்தில் செத்தவர்களில் பலர், முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவிக்கும் பார்ப்பதற்கும் ஓடியவர்கள்.

பொதுப்பக்கத்தில் பதில் போடாமல் ஊர்க்காரருக்குப் போன் செய்தேன்.

"அண்ணாச்சி, அதுல எது உங்களுக்குப் பொறுக்கல?"

"எங்க அக்கா சின்னப் பிள்ளையில தீப்பெட்டி ஒட்டித்தான் என்னையப் படிக்க வச்சா. நான் இல்லைன்னா சொல்றேன்? இப்ப எங்க தெருப் பிள்ளைக காலேஜுக்குப் போகுது தம்பி. இன்னும் 'செய்கிறார்கள்'னே எழுதுனா எப்படி?"

அவர் மறுத்தது வரலாற்றை அல்ல, வினைச்சொல்லின் காலத்தை. எழுதியவரிடம் தனியாக ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: உங்கள் ஆதாரம் எந்த ஆண்டைப் பேசுகிறது? தொண்ணூறுகளை என்றார். நடந்ததையே மறைக்கப் பார்க்கிறார்கள் என்பது அவருடைய பயம்.

பிறகு எழுதிய வாக்கியத்தில் ஆண்டு இருந்தது. எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்ற உத்தரவும் இருந்தன. இருவருமே அதை அழிக்கவில்லை.

இது உண்மையில் தண்ணீர் கலக்கிற வேலை இல்லை. இன்றைக்கும் நடக்கிறது என்று நாளை ஒருவர் புதிய ஆதாரம் கொண்டுவந்தால், அதுவும் அதன் தேதியோடு ஏற வேண்டும். 'யார் யோக்கியர்' என்ற கேள்விக்கு எந்த நூலகத்திலும் பதில் கிடையாது. 'எந்த ஆண்டு, யார் சொன்னது' என்ற கேள்விக்கு உண்டு. முதல் கேள்வியை இரண்டாவதாக மாற்றினால் பாதிச் சூடு இறங்கிவிடும். மீதிப் பாதிக்கு, ரூமில் ஆட்களைக் குறைக்க வேண்டும்.

சண்டையில் தோற்றவர் பெரும்பாலும் சொல்லாமல் போய்விடுவார். அவரோடு, அவருக்கு மட்டும் தெரிந்ததும் போய்விடும். அந்த ஊர்க்காரர் போகவில்லை. இப்போது தீப்பெட்டித் தொழில் பற்றி எழுதுகிறார். கட்டை அடுக்குவதைப் பற்றி எழுதும்போது சந்தேகம் வந்தால் அக்காவைக் கேட்டுக்கொள்கிறார்.