இரண்டு வயதுப் பிள்ளையோடு சென்னைக்கு

திராட்சை வெட்டு முடிந்த கையோடு சென்னைக்குக் கிளம்பும் கம்பம் பள்ளத்தாக்குக் குடும்பங்களுக்கு முன்பெல்லாம் ராத்திரி பஸ்தான். பிள்ளையை மடியில் வைத்தபடியே விடியும். 2023 ஜூனில் போடிநாயக்கனூரிலிருந்து சென்னை ரயில் வந்தது. வாரம் 3 நாள்தான். கம்பம், சின்னமனூர்க்காரர்கள் தேனியில் ஏறினால் காலையில் சென்ட்ரல். 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம். தனிப் படுக்கையும் கிடையாது. கீழ்ப் படுக்கை கிடைத்தால் சுவரோரமாகப் படுக்க வைக்கலாம்.

வழிக்குப் பன்னீர் திராட்சை கட்டாமல் யார் கிளம்புவார்கள்? ஆனால் முழுப் பழம் சின்னப் பிள்ளையின் தொண்டையில் அடைத்து உயிருக்கே வினையாகிவிடும். விதை நீக்கி, நீளவாக்கில் நான்காக நறுக்கி, உட்கார வைத்து ஊட்ட வேண்டும்.

சென்னையில் நாளுக்கு ஓர் இடம் போதும். கிண்டி சிறுவர் பூங்காவுக்கு வெயில் ஏறுமுன் போகலாம். மெரினாவில் அலையைவிட மணல்தான் பிள்ளைக்கு விளையாட்டு. திரும்பும் ரயிலும் தினமும் இல்லை. கிளம்புமுன்பே அதற்கும் டிக்கெட் எடுத்துவிட வேண்டும்.